வேடமிட்ட வாடிக்கையாளர்: சாட்சியை எவ்வளவு நம்பலாம்?

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஓர் ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்க வேண்டும், ஒருவனை மற்றவன் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல்லும் ஒத்துவந்தால் நம்பலாம் என்பது அங்கே அரசனுக்குச் சொல்லப்படும் முறை. உளவு பார்ப்பது சரியா என்ற கேள்வியில் வள்ளுவர் நிற்கவில்லை. உளவாளியின் சொல்லை எப்போது நம்பலாம் என்பதுதான் அவருடைய கவலை.

அதே கவலை இப்போது துணிக்கடைக்கும் வங்கிக் கிளைக்கும் பெட்ரோல் பங்குக்கும் வந்திருக்கிறது. யாரோ ஒருவர் சாதாரண வாடிக்கையாளர்போல உள்ளே வருகிறார். விலை கேட்கிறார், சிறு பொருள் ஒன்றை வாங்குகிறார், பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார். வாசலில் வரவேற்றார்களா, எத்தனை நிமிடம் காக்கவைத்தார்கள், உடை மாற்றும் அறை சுத்தமாக இருந்ததா, பில் தந்தார்களா என்றெல்லாம் அன்று மாலைக்குள் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புகிறார். அதற்கு ஒரு சிறு தொகை அவருக்குக் கிடைக்கிறது. தொழிலில் இவரை மிஸ்டரி ஷாப்பர் என்பார்கள். மர்ம வாடிக்கையாளர் என்றும் தமிழில் எழுதப்படுகிறது. அவர் அனுப்பும் படிவம் உண்மையை அளக்கிறதா, அளந்தாலும் அந்த முறை நியாயமானதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒன்றரை நூற்றாண்டாகப் பலரும் பலவிதமாகப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

திருட்டைப் பிடிக்க வந்தவர்

இந்த வேலையின் வேர் விற்பனைக் கூடத்தில் இல்லை, ரயில் பெட்டியில் இருக்கிறது. 1850களில் அமெரிக்க ரயில்களில் நடத்துநர்களே பயணிகளிடம் ரொக்கமாகக் கட்டணம் வாங்கினார்கள். அதில் எவ்வளவு கம்பெனிக்குப் போகிறது, எவ்வளவு நடத்துநரின் சட்டைப்பையில் நிற்கிறது என்று முதலாளிகளுக்குத் தெரியவில்லை. சிகாகோவில் துப்பறியும் நிறுவனம் தொடங்கிய ஆலன் பிங்கர்ட்டன் பயணி வேடத்தில் ஆட்களை ஏற்றிவிட்டுக் கணக்கெடுத்தார். இந்தச் சோதனைகளைப் பற்றி 1867இல் அவருடைய நிறுவனம் தனியாக ஒரு நூலே வெளியிட்டது. நம் ஊர்ப் பேருந்தில் ஏறும் செக்கர், தான் செக்கர் என்று சொல்லிக்கொண்டே ஏறுகிறார். பிங்கர்ட்டனின் ஆளோ காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் ‘ஸ்பாட்டர்’. அது மரியாதையாகச் சொன்ன பெயரல்ல.

‘மிஸ்டரி ஷாப்பிங்’ என்ற பெயர் 1940களில் வில்மார்க் என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. அப்போதும் கல்லாப்பெட்டியின் நாணயத்தைப் பார்ப்பதே முதன்மை நோக்கம். பிறகுதான் ‘பணம் எடுத்தானா’ என்ற கேள்வியின் இடத்தில் ‘சிரித்தானா’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது. இந்த மாற்றம் சிறிதுபோலத் தோன்றினாலும், பின்னால் எழுந்த சர்ச்சைகளில் பெரும்பகுதி இதிலிருந்து பிறந்ததே. பணம் எடுத்தானா என்பதற்கு ஆம், இல்லை என்று பதில் உண்டு. சிரிப்புக்கு அப்படிப்பட்ட பதில் உண்டா?

‘கருத்துக் கணிப்பைவிட இது மேல்’

இம்முறையை ஆதரிப்பவர்களின் வாதம் எளிமையானது. வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்டால் அவர் மனத்தில் தங்கியதைச் சொல்வார், நடந்ததைச் சொல்லமாட்டார். மேலாளர் நேரில் வந்தால் கடை அன்றைக்கு மட்டும் திருந்தி நிற்கும். ஆகவே என்ன கவனிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பயிற்சி பெற்ற ஒருவர், அடையாளம் தெரியாமல் வந்து, நடந்ததை மட்டும் குறித்துச் செல்வதே நம்பகமானது.

ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் வில்சன், இந்த முடிவுகளை நிறுவனங்கள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்று 1990களின் இறுதியில் ஆராய்ந்தார். சேவையில் எங்கே ஓட்டை என்று கண்டறிவது, ஊழியர்களை ஊக்குவிப்பது, போட்டி நிறுவனங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என மூன்று பயன்களை அவர் சுட்டினார். முதலாவதைப் பற்றி யாருக்கும் பெரிய மறுப்பில்லை. இரண்டாவதில்தான் சிக்கல். ஊக்குவிக்கும் கருவியாகத் தொடங்கிய படிவம் ஊக்கத்தொகையை வெட்டும் கருவியாக மாற அதிக நாள் ஆவதில்லை.

நினைவும் எண்ணிக்கையும்

அளவுகோலின் துல்லியத்தை இரண்டு திசைகளிலிருந்து கேள்வி கேட்டார்கள். ஒன்று உளவியல். லிசா மாரிசன், ஆண்ட்ரூ கோல்மன், கரோலின் பிரெஸ்டன் ஆகியோர் 1997இல் எழுதிய கட்டுரை, சாட்சிகளின் நினைவைப் பற்றி உளவியலாளர்கள் அறிந்திருந்ததை மர்ம வாடிக்கையாளருக்குப் பொருத்திப் பார்த்தது. கடைக்குள் குறிப்பெடுத்தால் வேடம் கலைந்துவிடும், எனவே பார்த்ததை மனத்தில் சுமந்து வெளியே வந்துதான் எழுத வேண்டும். பார்க்கும்போதே கவனம் சிதறலாம், எழுதுவதற்குள் மறக்கலாம், எழுதும்போது எதிர்பார்ப்பே நினைவாக வந்து நிற்கலாம். ‘வணக்கம் சொன்னார்களா’ என்று படிவம் கேட்கும்போது, வழக்கமாகச் சொல்லும் கடை என்றால் கை தானாக ‘ஆம்’ பக்கம் போகும்.

இன்னொன்று புள்ளியியல். ஆடம் ஃபின்னும் உஜ்வல் கயாந்தேவும் 1999இல் இந்தத் தரவை உளவியல் சோதனைகளை எடைபோடும் அதே தராசில் வைத்துப் பார்த்தார்கள். சாதாரண வாடிக்கையாளரைவிடப் பயிற்சி பெற்றவரின் தரவு மேலானது என்று ஒரு பக்கம் சொன்னார்கள். மறுபக்கம், கருத்து சார்ந்த அம்சங்களில் ஒரு கடையை இன்னொன்றோடு ஒப்பிட, வழக்கமாக நடக்கும் ஒரு சில வருகைகள் போதா என்றும் சொன்னார்கள். 2019இல் கெயில் பிளெஸிங், மார்ட்டின் நாட்டர் ஆகியோரின் ஆய்வு மேலும் சங்கடமான ஒன்றைக் கேட்டது: மர்ம வாடிக்கையாளர் தரும் மதிப்பெண், உண்மையான வாடிக்கையாளரின் திருப்தியையும் கடையின் விற்பனையையும் முன்னறிவிக்கிறதா? நிறுவனங்கள் நம்பிவந்த அந்தத் தொடர்பு அவர்களுக்கு உறுதிப்படவில்லை.

இதிலிருந்து முறையே பயனற்றது என்று முடிவுகட்டுவது அவசரம். சந்தேகமெல்லாம் மதிப்பெண்ணைப் பற்றியது, நிகழ்வைப் பற்றியதல்ல. பில் கொடுத்தார்களா என்பதற்கு ஒரு வருகையே ஓரளவு சான்று. ஊழியர் ‘அக்கறையோடு’ நடந்தாரா என்பதற்கு ஒரு வருகை கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்வதில்லை. கிளைக்கு மாதம் ஒரு வருகை என்று ஒப்பந்தம் போட்டு, அதில் கிடைக்கும் 82க்கும் 79க்கும் இடையே தரவரிசை போடும் பழக்கம் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. மூன்று ஒற்றர் வேண்டும் என்ற பழைய முறை, செலவைப் பார்த்தால் கசக்கும்தான்.

சொல்வதும் செய்வதும்

இதே கருவி வேறொரு வயலிலும் விளைந்தது. அங்கே அறுவடை கூடுதல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகச் சமூகவியலர் ரிச்சர்ட் லாபியர், 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுவதும் காரில் பயணம் செய்தார். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்ததில் ஒரே ஓர் இடத்தில்தான் அவர்களை மறுத்தார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி ‘சீனர்களை ஏற்பீர்களா’ என்று கேட்டார். பதில் அனுப்பியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ‘மாட்டோம்’ என்றார்கள். 1934இல் வெளியான இந்த ஆய்வில் குறைகள் பல உண்டு. கதவைத் தட்டியபோது தம்பதியோடு ஒரு வெள்ளைக்காரரும் நின்றார் என்பது முதல் குறை. ஆனாலும் மனிதர் சொல்வதும் செய்வதும் வேறு, செய்வதை அறிய நேரில் போய்த்தான் ஆக வேண்டும் என்ற வாதத்துக்கு அது நெடுநாள் ஊன்றுகோலாக இருந்தது.

லாபியர் கண்டதற்கு நேர்மாறான திசையிலும் இடைவெளி இருக்கலாம் என்பதைப் பிரிட்டன் காட்டியது. வாயால் ‘பாகுபாடு இல்லை’ என்று சொன்னவர்களிடம் 1966-67இல் ஒரு கொள்கை ஆய்வு நிறுவனம் மேற்கிந்தியத் தீவைச் சேர்ந்தவர், ஹங்கேரியர், ஆங்கிலேயர் என மூவரை வேலைக்கும் வீட்டுக்கும் கார் காப்பீட்டுக்கும் ஒருவர்பின் ஒருவராக அனுப்பிப் பார்த்தது. கறுப்பினத்தவருக்குக் கிடைத்த பதில் ஹங்கேரியருக்குக் கிடைத்ததைவிடவும் மோசமாக இருந்தது. எனவே அயல்நாட்டவர் என்பதால் மட்டும் மறுக்கவில்லை, நிறம்தான் காரணம் என்று பிரித்துக் காட்ட முடிந்தது. 1968ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டத்துக்கு இந்த ஆய்வு வலுவூட்டியது.

சிகாகோவில் இயன் அயர்ஸும் பீட்டர் சீகல்மனும் நடத்திய கார் பேர ஆய்வு 1995இல் முழு வடிவில் வந்தது. ஒரே மாதிரி பேரம் பேசப் பழக்கப்பட்ட சோதனையாளர்கள் 300க்கும் மேற்பட்ட பேரங்களை நடத்தினார்கள். வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடக் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் கூடுதலாகச் சொன்னார்கள். பொருளியலர் ஜேம்ஸ் ஹெக்மன் இவ்வகை ஆய்வுகளைக் கடுமையாக விமர்சித்தார். இரட்டையர்போல ஒப்பனை செய்து அனுப்பினாலும் இருவருக்குள் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள் இருக்கும், தாங்கள் எதற்காக அனுப்பப்பட்டோம் என்று தெரிந்தவர்கள் தம்மையறியாமலே அதற்கேற்ப நடப்பார்கள் என்றார் அவர். ஆளை அனுப்பாமல் விண்ணப்பக் காகிதத்தை மட்டும் அனுப்பும் முறை பரவியதற்கு இந்த விமர்சனமும் ஒரு காரணம். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட இந்திய ஆய்வில் தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு. பெயரிலிருந்து சாதியும் மதமும் தெரிந்த விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைந்தது.

நோயாளியும் முதலீட்டாளரும்

மருத்துவக் கல்விக்காக 1960களில் ஹோவர்டு பாரோஸ் உருவாக்கியது, நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர் என்ற கருத்து. அதைக் கிளினிக்கின் தரத்தை அளக்கப் பயன்படுத்திய ஆய்வுகளில் இந்தியாவில் நடந்தவை முக்கியமானவை. ஜிஷ்ணு தாஸ் முதலியோர் டெல்லியில் காசநோய் அறிகுறிகளைச் சொல்லும் ‘நோயாளிகளை’ மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். 2015இல் வெளியான முடிவின்படி 250 சந்திப்புகளில் 21 சதவீதத்தில்தான் சரியான வழிகாட்டல் கிடைத்தது. மத்தியப் பிரதேச ஆய்வு இன்னும் கூர்மையானது. அரசு மருத்துவமனையிலும் சொந்தக் கிளினிக்கிலும் ஒரே மருத்துவரைப் பார்த்தபோது, கிளினிக்கில் அவர் அதிக நேரம் செலவிட்டார், அதிகக் கேள்விகள் கேட்டார். அறிவுக் குறைவையும் முயற்சிக் குறைவையும் பிரித்தறிய வேறெந்தத் தரவாலும் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

நிதித் துறையில் கண்டவையும் இதே ரகம். பிரிட்டன் நிதி ஒழுங்காணையம் 2012இல் ஆறு நிறுவனங்களில் 231 மர்ம வருகைகளை நடத்தியது. அவற்றில் 11 சதவீதத்தில் ஆலோசனை பொருந்தாததாக இருந்தது. மேலும் 15 சதவீதத்தில், ஆலோசனை பொருந்துமா என்று சொல்லும் அளவுக்குக்கூட ஆலோசகர் விவரம் கேட்கவில்லை. இந்தியாவில் சந்தோஷ் ஆனகோல், ஷான் கோல், ஷயக் சர்க்கார் நடத்திய ஆய்வு, டேர்ம் பாலிசி போதுமானவருக்கும் காப்பீட்டு முகவர்கள் கமிஷன் கூடிய முழு ஆயுள் திட்டங்களையே பரிந்துரைத்ததைப் பதிவு செய்தது.

இந்த ஆய்வுகளுக்கும் துணிக்கடைப் படிவத்துக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. இங்கே சரியான பதில் எது என்று முன்பே தெரியும்: காசநோய் அறிகுறிக்குச் சளிப் பரிசோதனை, எளிய பாதுகாப்புக்கு டேர்ம் பாலிசி. வருகைகள் நூற்றுக்கணக்கானவை. முடிவு ஒரு துறையைப் பற்றியது, ஒரு மருத்துவரின் பெயர் வெளியே வருவதில்லை. மூன்று நிபந்தனைகளும் கூடிவரும்போது வேடமிட்ட சாட்சியின் சொல் கனக்கிறது. துணிக்கடையில் இவற்றில் ஒன்றுகூடப் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஏமாற்றுவது தகுமா?

ஒழுக்கம் பற்றிய சர்ச்சை அளவீட்டுச் சர்ச்சையைவிடப் பழையது. அர்த்தசாஸ்திரத்தில் ரகசிய ஆள் நீதிபதியிடம் போய் லஞ்சம் நீட்டிப் பார்க்கும் ஏற்பாடு உண்டு. வாங்கினால் தண்டனை. குற்றத்தைக் கண்டுபிடித்ததா, குற்றத்தை உண்டாக்கியதா என்ற கேள்வி அங்கிருந்தே தொடங்குகிறது. சாதாரணமாகப் பொருள் வாங்கிப் பார்ப்பது ஒன்று, தூண்டில் போடுவது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு நடைமுறையில் அடிக்கடி அழிகிறது.

தமிழ்நாட்டு வணிகர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியல்ல. ஜிஎஸ்டி சட்டத்தின் 67ஆம் பிரிவின் 12ஆம் உட்பிரிவு, வரித்துறை அதிகாரி ஆளனுப்பிப் பொருள் வாங்கிப் பார்த்து, பில் கொடுக்கிறார்களா என்று சோதிக்க அனுமதிக்கிறது. பொருளைத் திருப்பித் தந்தால் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கடைவீதியில் இதற்கு டெஸ்ட் பர்சேஸ் என்று பெயர். 2023இல் இந்தச் சோதனையில் 20,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டபோது வணிகர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. சில்லறைக் கடைக்காரரைப் பிடிப்பதைவிட்டு, சரக்கு வரும் இடத்தில் பில் இருக்கிறதா என்று பாருங்கள் என்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. அளவீட்டு நோக்கில் பார்த்தால் டெஸ்ட் பர்சேஸ் மிக உறுதியான சோதனை: பில் உண்டு அல்லது இல்லை. வணிகர்களின் குறை வேறு இடத்தில் இருந்தது. உளவுக் கண் யார்மேல் விழுகிறது என்பதே அவர்கள் கேட்டது.

ஆய்வுத் துறையின் நெறிமுறைகள் ஒரு சமரசத்தை முன்வைக்கின்றன. சொந்த ஊழியர்களிடம் ‘இப்படிச் சோதனை நடக்கலாம்’ என்று முன்பே சொல்லிவிட வேண்டும், எப்போது யார் வருவார் என்பதை மட்டும் மறைக்கலாம் என்கின்றன சர்வதேசச் சந்தை ஆய்வு அமைப்புகள். நோயாளி வேட ஆய்வுகள் சிலவற்றிலும் மருத்துவர்களிடம் முன் ஒப்புதல் பெறப்பட்டது. எதிர்ப்பாளர்களுக்கு இது போதவில்லை. லிண்டா ஃபுல்லரும் விக்கி ஸ்மித்தும் 1991இல் காட்டியதுபோல, எந்த வாடிக்கையாளரும் மேலாளராக இருக்கலாம் என்ற நிலையில் ஊழியர் நாள் முழுவதும் மேற்பார்வையில் நிற்கிறார். முன்னறிவிப்பு இந்த நெருக்கடியைக் குறைப்பதில்லை, ஒருவேளை கூட்டலாம். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. வாடிக்கையாளர் நுழைந்ததும் எழுந்து வரவேற்றாரா என்று கேட்கும் படிவத்தில், அந்த இருக்கை போடப்பட்டிருக்கிறதா என்ற வினாவுக்கும் இடம் தரலாமே.

வேடம் போடுபவரின் நிலை

இந்த விவாதங்களில் அதிகம் பேசப்படாதவர் மர்ம வாடிக்கையாளரேதான். பெரும்பாலும் அவர் யாருக்கும் ஊழியர் அல்லர், வருகைக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி. வாங்கிய பொருளுக்கு ஒரு வரம்பு வரை பணம் திரும்ப வரும், அதுவும் பில்லும் படிவமும் ஏற்கப்பட்ட பிறகு. போக்குவரத்து, காத்திருப்பு, பக்கக் கணக்கில் எழுத வேண்டிய விளக்கம் எல்லாம் அந்தச் சிறு தொகைக்குள் அடங்கும். கூலி குறைந்த இடத்தில் அவசரம் நுழையும், அவசரம் நுழைந்த இடத்தில் போகாமலே படிவம் நிரப்பும் ஆசையும் எட்டிப்பார்க்கும். ஒலிப்பதிவு, இருப்பிடப் பதிவு, நேரம் பதிந்த புகைப்படம் என்று நிறுவனங்கள் இப்போது கேட்பது இதனால்தான். ஊழியரை வேவு பார்க்க அனுப்பியவரையே வேவு பார்க்கும் ஏற்பாடு இது.

தனி ஒருவர் மட்டுமே சாட்சியாக இருக்கும் அறிக்கை எவ்வளவு தூரம் போய்விடலாம் என்பதற்குப் பெரிய எடுத்துக்காட்டு டேவிட் ரோசன்ஹான். எட்டுப் பேர் மனநோயாளி வேடத்தில் பன்னிரண்டு மருத்துவமனைகளுக்குள் போனதாக அவர் 1973இல் எழுதிய கட்டுரை ஒரு துறையையே உலுக்கியது. 2019இல் சூசன்னா கஹாலன் என்ற பத்திரிகையாளர் பழைய ஆவணங்களைத் தேடிச் சென்றபோது, ரோசன்ஹானே நோயாளியாகப் போன மருத்துவமனைக் குறிப்பும் அவர் எழுதியதும் ஒத்துப்போகவில்லை. நல்லவிதமாக நடத்தப்பட்டதாகச் சொன்ன ஒருவரின் அனுபவம் கணக்கிலிருந்து விடப்பட்டிருந்தது.

வேலை தேடுபவர்களைக் குறிவைக்கும் மோசடியும் உண்டு. ‘மிஸ்டரி ஷாப்பர் வேலை’ என்று சொல்லிப் போலிக் காசோலை அனுப்பி, அதை வங்கியில் போட்டுவிட்டு உடனே பரிசு அட்டைகள் வாங்கி எண்களை அனுப்பச் சொல்லும் தந்திரத்தைப் பற்றி அமெரிக்க வணிக ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. வேலைக்குச் சேர முன்பணம் கேட்பதும், கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பச் சொல்வதும் உண்மையான நிறுவனங்களின் வழக்கமல்ல.

முடிவாகாதவை

கிடைத்திருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், நடந்ததா இல்லையா என்ற வகைக் கேள்விகளுக்கும், ஒரு துறை முழுவதன் போக்கைக் காட்டுவதற்கும் வேடமிட்ட வாடிக்கையாளரை நம்பலாம். ஒரு கடையை இன்னொரு கடையோடும், ஒரு ஊழியரை இன்னொரு ஊழியரோடும் மதிப்பெண் வைத்து ஒப்பிடுவதற்கு இப்போதைய அளவிலான வருகைகள் போதா என்றே தோன்றுகிறது. எத்தனை வருகை போதும் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கூகுள் விமர்சனங்களும் கண்காணிப்புக் கேமராவும் வந்த பிறகு இந்த வேலைக்கு இடம் குறையுமா என்பதும் தெளிவாகவில்லை. விமர்சனம் எழுதுபவர் கோபித்தவராகவோ மகிழ்ந்தவராகவோ இருப்பார், இரண்டுமில்லாத சாதாரண வாடிக்கையாளரின் அனுபவத்தை அவர் சொல்வதில்லை.

தீராத இன்னொரு கேள்வி, படிவத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு உண்டா என்பது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. ஸ்பாட்டர் தந்த அறிக்கையை வைத்து ஊழியரின் நாணயத்தைக் குறைகூறி நடவடிக்கை எடுப்பதானால், அவர் கேட்கும்பட்சத்தில் விசாரணை நடத்த வேண்டும், அறிக்கை தந்தவரை அவர் நேரில் சந்திக்க வாய்ப்புத் தர வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவும், ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமின்றி நீக்கக் கூடாது, முன்னறிவிப்பின்றி நீக்குவதானால் விசாரணையில் போதிய சாட்சியம் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்தப் பிரிவு வேலை நீக்கத்தைப் பற்றியது. மாத ஊக்கத்தொகையில் பிடித்துக்கொள்ளும் தொகையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.